எரிக்கச் சொன்ன புடவை

என் நாட்குறிப்புகளின்படி நான் இணையத்தில் விற்ற பழைய பட்டுப்புடவைகள் மொத்தம் நாற்பத்தொன்று. முதலாவது 2006 புரட்டாசியில், கடைசி 2009 பங்குனியில். இவற்றில் பதினேழாவது புடவையால் என் தோழியின் இரண்டாம் கல்யாணம் நின்றது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒளித்து வைத்துக் கடைசியில் எடுத்துக் காட்டி வாசிப்பவரை வியக்க வைக்கிற விஷயம் இல்லை அது. எப்படி நின்றது என்பதை மட்டும் நடந்த வரிசையில் எழுதிப் பார்க்கிறேன்.

1994 முதல் ஆரணி கடைத்தெருவில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் நான் பயிற்சியாளராக இருந்தேன். 2005 ஆனியில் அதை மூடினார்கள். பதினோரு மெஷின்களும் ஒரே மாட்டு வண்டியில் காயலான் கடைக்குப் போயின. அதற்குப் பிறகு என்னிடம் மிஞ்சியது ஆங்கிலத்தில் வேகமாகத் தட்டச்சு செய்யும் விரல்களும், கிளை நூலகத்தின் உறுப்பினர் அட்டையும், 1988 முதல் ஒரு நாள் விடாமல் எழுதிவந்த நாட்குறிப்புகளும்தான். மழை பெய்த நாள், தறிக்கான பாவு நூல் விலை ஏறிய நாள், எந்த வீட்டில் குழந்தை பிறந்தது, எந்த வீட்டில் சாவு, எல்லாம் அவற்றில் இருக்கும். தெருவில் யாருக்காவது ஒரு தேதி தேவைப்பட்டால் என்னிடம்தான் வருவார்கள். "அவகிட்ட கேளு, எழுதி வெச்சிருப்பா" என்பார்கள். அதில் எனக்குப் பெருமை இருந்தது. நிறையவே இருந்தது.

என்னிடம் தட்டச்சு கற்ற பெண் ஒருத்தி, இன்ஸ்டிட்யூட் இருந்த அதே மாடியில் நான்கு கம்ப்யூட்டர்கள் போட்டு பிரவுசிங் சென்டர் தொடங்கியிருந்தாள். பழைய பொருட்களை ஏலத்தில் விற்கும் ஓர் இணையதளத்தை எனக்குக் காட்டியவள் அவள்தான்.

"அக்கா, பழைய வாட்சு, பழைய கேமரா எல்லாம் போட்டு வித்துகினு கீறாங்க. உங்க வீட்ல பழசுன்னு இன்னா கீது?"

"நான் கீறேன்."

"உங்கள எவன் ஏலம் கேப்பான்? வேற சொல்லுங்க."

வேறு என்ன என்று யோசித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தபோது, தெருவில் ஜரிகைக்காரர் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் பழைய பட்டுப்புடவைக்கு ஒரே வழி அவர்தான். புடவையை வாங்கி, ஜரிகையை நகத்தால் சுரண்டிப் பார்ப்பார். உள்ளே சிவப்புப் பட்டிழை தெரிந்தால் நல்ல ஜரிகை. தராசில் நிறுத்து ஒரு விலை சொல்லி எடுத்துப் போய் எரித்துவிடுவார். பட்டு சாம்பலாகிவிடும், வெள்ளி மிஞ்சும். மாதக்கணக்கில் உட்கார்ந்து பட்டு நெய்கிற ஊரில், அடுத்தவள் கட்டிய பட்டை இன்னொருத்தி காசு கொடுத்து வாங்கிக் கட்டமாட்டாள். அப்படிச் செய்தால் அவள் வீட்டில் ஏதோ குறை என்று அர்த்தம். ஆகவே எல்லாம் நெருப்புக்குத்தான் போகும். சென்னையிலோ பம்பாயிலோ இருப்பவர்களுக்கு இந்தத் தயக்கம் இருக்காது என்று எனக்குத் தோன்றியது. அந்தக் கணிப்பு சரியாகவே இருந்தது.

தெரு சும்மா இருக்கவில்லை. குழாயடியில் ஒருத்தி கேட்டாள்.

"ஏம்மா, செத்தவங்க புடவையா விக்கிற?"

"உசுரோட இருக்கிறவங்களுதுதான்."

"உசுரோட இருக்கிறவ ஏன் அத கட்டிக்கல?"

பதில் சொல்வதற்குள் குடம் நிரம்பிவிட்டது. என் கணவர் என்னைப் "பழைய துணிக்காரி" என்று கூப்பிடத் தொடங்கினார். "பாத்திரம் ஏதாவது குடுப்பியா துணிக்கு?" என்று சோற்றுக்கு உட்காரும்போது கேட்பார். நான் கண்டுகொள்ளவில்லை.

முதலில் போட்டது என்னுடைய நிச்சயதார்த்தப் புடவை. "உபயோகித்த பட்டுப்புடவை, நல்ல நிலையில் உள்ளது" என்று ஆங்கிலத்தில் ஒரே வரி. மூன்று வாரம் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. பிறகு பம்பாயிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற பேராசிரியை கேள்விகள் அனுப்பினார். எந்த ஆண்டு நெய்தது? எத்தனை முறை கட்டியது? எங்கே நைந்திருக்கிறது? ஏன் விற்கிறீர்கள்? இப்படி ஒருவர் என்னிடம் கேட்க மாட்டாரா என்று வாழ்நாள் முழுக்கக் காத்திருந்தவள் போல நாட்குறிப்புகளை எடுத்துப் போட்டுப் பதில் எழுதினேன். நெய்த மாதம், கட்டிய ஐந்து சந்தர்ப்பங்கள், ஒரு கல்யாணப் பந்தியில் ரசம் சிந்திய நாள் வரைக்கும். அவர் வாங்கிக்கொண்டார். "புடவையைவிட உங்கள் கடிதம் எனக்குப் பிடித்தது" என்று எழுதினார். அன்றிலிருந்து, நெருப்புக்குப் போகவிருந்த புடவைகளைத் தெருவில் விலைக்கு வாங்கி, ஒவ்வொன்றுக்கும் அதன் சரித்திரத்தை எழுதினேன். விற்றது.

நாலாவது புடவை திரும்பி வந்தது. ரசகற்பூர உருண்டை வாசனை தாங்கவில்லையாம். அதிலிருந்து இரண்டு நாள் நிழலில் விரித்து வைத்துவிட்டு அனுப்பினேன். ஆறாவதை வாங்கிய ஐதராபாத் பெண், கணினித் திரையில் பார்த்த பச்சை வேறு, கைக்கு வந்த பச்சை வேறு என்று சண்டை பிடித்தார். அதிலிருந்து காலை வெயிலில், வாசலில் வைத்துத்தான் படம் எடுத்தேன். ஏழாவதில் கொசுவம் வரும் இடத்துக் கிழிசலை நான் சொல்லவில்லை. வாங்கியவர் என்னைத் திருடி என்றார். ஆங்கிலத்தில் அந்தச் சொல் இன்னும் கொஞ்சம் உறைக்கும். அதிலிருந்து கறை, கிழிசல், இழை விலகல், எதையும் மறைப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். குறை எங்கே இருக்கிறதோ அங்கே கேமராவை அருகில் வைத்து ஒரு படம்.

இன்னொரு பழக்கம் எனக்குத் தெருவிலிருந்தே வந்தது. புடவையின் பின்பக்கத்தைப் படம் எடுப்பது. எங்கள் தெருத் தறிகளில் புடவையை முகம் கீழே இருக்கும்படிதான் நெய்வார்கள். நெய்கிறவர் நாள் முழுக்கப் பார்ப்பது பின்பக்கத்தை. நெசவு நன்றாக இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் எங்கள் ஊரில் யாரும் முன்பக்கத்தைப் பார்க்க மாட்டார்கள், திருப்பித்தான் பார்ப்பார்கள். நானும் பின்பக்கத்தை முதல் படமாகப் போட்டேன். "ஏன் இவ்வளவு வெளிறியிருக்கிறது?" என்று சிலர் கேட்டார்கள். பம்பாய்ப் பேராசிரியை மட்டும் "உள்பக்கத்தைக் காட்டும் ஒரே விற்பனையாளர் நீங்கள்தான்" என்று பாராட்டினார். அந்த ஒரு பாராட்டுக்காகத் தொடர்ந்து அப்படியே செய்தேன்.

சரித்திரம் எழுது, குறையை மறைக்காதே, உள்பக்கத்தைக் காட்டு. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற யாருக்கும் இன்றும் இதைத்தான் சொல்வேன். இவற்றில் ஒன்றுகூடத் தவறு இல்லை என்பதுதான் எனக்கு விழுங்க முடியாமல் இருக்கிறது.

தோழியும் நானும் 1991இல் ஒன்றாக டைப்ரைட்டிங் லோயர் பரீட்சை எழுதியவர்கள். அவள் ஒரு நர்சரி பள்ளியில் ஆசிரியை. 1999 தை பிற்பகுதியில் அவளைத் தேசூரில் கொடுத்தார்கள். பங்குனி முடிவதற்குள் திரும்பி வந்துவிட்டாள். ஏன் வந்தாள் என்பதை இங்கே எழுத மாட்டேன். எழுதக் கூடாத ஒன்றை எழுதியவள் செய்கிற காலம் கடந்த சிக்கனம் இது. சில வருடங்கள் கழித்துச் சட்டப்படியும் பிரிந்தார்கள். எட்டு வருடம் அவள் நல்ல புடவை ஒன்று கட்டி நான் பார்த்ததில்லை.

2007 தை மாதம், ஒரு வியாழக்கிழமை மத்தியானம், செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தோடு என் வீட்டுக்கு வந்தாள்.

"இந்தாடி. ஜரிகைக்காரர் வந்தா போட்டுடு. நீயே நின்னு குடு."

"உங்க வீட்டு வாசல்லதானே அவரு கூவிகினு போறாரு?"

"அம்மா கையால குடுக்க மாட்டாங்களாம். என் கையாலயும் கூடாதாம். போளூர்லருந்து ஒரு எடம் வருதுடி. அவரு பொண்டாட்டி தவறிப்போயி ரெண்டு வருசம் ஆவுது. வர்றதுக்கு முன்னாடி இது வீட்ட விட்டுப் போவணும்."

அது அவளுடைய முகூர்த்தப் புடவை. முறிந்துபோன கல்யாணத்தின் கூறைப்புடவையை எங்கள் வீடுகளில் யாருக்கும் கொடுக்க மாட்டார்கள், பீரோவிலும் வைக்க மாட்டார்கள். எரித்துவிட வேண்டும். அது இருக்கும்வரை அந்தக் கட்டும் இருக்கிறது என்பது கணக்கு. தாலியைக் கழற்றினாலும், நீதிமன்றம் தாள் கொடுத்தாலும், அது தனி. எட்டு வருடமாக அவள் வீட்டில் அதைச் செய்ய யாருக்கும் மனம் வரவில்லை. இப்போது வந்தாக வேண்டும்.

பொட்டலத்தை அவள் பிரிக்கவில்லை. "எரிஞ்சிடுச்சுன்னு ஒரு வார்த்த வந்து சொல்லிடு. அது போதும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் பிரித்தேன். அரக்குச் சிவப்பு உடல், பச்சைக் கரை, தலைப்பில் ஏழு வரிசை அன்னம். ஒரே ஒரு முறை கட்டிய புடவை. மஞ்சள் கறை ஒன்று முந்தானை ஓரத்தில், வேறு ஒன்றும் இல்லை. திருப்பிப் பார்த்தேன். ஐந்தாவது வரிசை அன்னங்களுக்குத் தறியில் அலகு விழாமல் போயிருக்கிறது. பூ வேலைக்கான துளை அட்டைகள் எங்கோ இடம் மாறியிருக்க வேண்டும். நெய்தவர் அதை அப்படியே விடாமல், ஒவ்வோர் அலகையும் ஊசியால், தனி ஜரிகையால் கோத்து முடித்திருந்தார். முன்பக்கம் ஒன்றுமே தெரியவில்லை. பின்பக்கம் வரிசையாகச் சின்னச் சின்ன முடிச்சுகள். இவ்வளவு அக்கறையை நான் எந்தப் புடவையிலும் பார்த்ததில்லை.

சனிக்கிழமை ஜரிகைக்காரர் வந்தார். சுரண்டினார், நிறுத்தார், விலை சொன்னார். நான் புடவையைத் தராசிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

"இன்னாம்மா, வெல கட்டலயா?"

"இல்லங்க. எரிக்க மனசு வரல."

"துணிய வெச்சிகினு இன்னா பண்ணுவீங்க? நெருப்புல போட்டா வெள்ளியாவது மிஞ்சும்" என்று சிரித்துக்கொண்டே தராசைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

அவர் சொன்ன விலையை என் பணத்திலிருந்து எடுத்து அன்று மாலையே தோழியிடம் கொடுத்தேன். எரிச்சாச்சு என்று சொன்னேன்.

"எல்லாமா?"

"எல்லாம்."

"நல்லா எரிஞ்சிதா?"

"ம்."

"அந்தாளும் சேந்து எரிஞ்சிருந்தா இன்னும் நல்லா எரிஞ்சிருக்கும்" என்றாள். இருவரும் சிரித்தோம். அவள் அப்படிச் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது. அந்தச் சிரிப்பை வாங்க நான் கொடுத்தது ஒரு பொய். ஒரு நல்ல நெசவைக் காப்பாற்றியிருக்கிறேன், அவளுக்கும் நிம்மதி கொடுத்திருக்கிறேன், இரண்டும் கூடிவந்திருக்கிறது என்று அன்று நினைத்துக்கொண்டேன். நாட்குறிப்பிலும் ஏறக்குறைய இந்த வார்த்தைகளில்தான் எழுதியிருக்கிறேன்.

மாசியில் போளூரிலிருந்து பூ வைக்க வந்தார்கள். மாப்பிள்ளை பேசத் தெரியாத, நல்ல மனிதராகத் தெரிந்தார். சம்பந்தத்தை முடித்து வைத்தவர் அவருடைய சித்தப்பா. ஆரணியிலேயே ஆற்றுக்கு அந்தப் பக்கம் தறி வைத்திருந்தவர். பழம், பூ எல்லாம் பரப்பி முடிந்ததும் மாப்பிள்ளையின் அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. அந்தப் பழைய கூறை... அது இன்னா ஆச்சு?"

"அது எரிச்சாச்சுங்க" என்றார் தோழியின் அம்மா. "தையிலயே போயிடுச்சு. இதோ, இவ கையாலதான் போச்சு." என் தோளைத் தொட்டுக் காட்டினார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டினேன். கல்யாணத்தை ஆவணிக்கு வைத்தார்கள்.

புடவை மூன்று மாதம் என் பீரோவில், போர்வைகளுக்கு அடியில் இருந்தது. அதை ஆவணிக்கு முன் ஊரைவிட்டு அனுப்பிவிட வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. யோசித்தால் அப்போதும் வழி இருந்தது. ஜரிகைக்காரர் வாரம் ஒரு முறை வந்துகொண்டுதான் இருந்தார். நான் சித்திரையில் அதைப் படம் எடுத்தேன். காலை வெயிலில், பின்பக்கம் முதலில், பிறகு அந்த முடிச்சுகளுக்கு மிக அருகில் ஒன்று.

சரித்திரமும் எழுதினேன். 1998 மார்கழியில் ஆரணியில் நெய்தது. 1999 தையில் ஒரு பெண் தன் கல்யாணத்தில் ஒரே ஒரு முறை கட்டியது. அந்த மணவாழ்க்கை நீடித்தது எழுபத்து நான்கு நாட்கள். அதன் பிறகு இந்தப் புடவை மடிப்புக் கலையவில்லை. ஐந்தாவது வரிசையில் நெய்தவர் தன் தவறைக் கையால் திருத்தியிருக்கிறார். தவறைத் திருத்த முடிந்தது புடவையில் மட்டும்தான். கடைசி வாக்கியத்தை மூன்று முறை அடித்துத் திருத்தி எழுதினேன். படித்த புத்தகங்களின் திமிர் அது. பெயரையோ தெருவையோ எழுதவில்லை. பெயர் இல்லையென்றால் ஆள் இல்லை என்று நினைத்தேன்.

இரண்டே நாளில் ஐந்து பேர் விலை கேட்டார்கள். அதுவரை எனக்கு அப்படி நடந்ததில்லை. பிரவுசிங் சென்டர்ப் பெண்ணுக்கு என்னைவிடச் சந்தோஷம். அப்போதுதான் கலர் பிரிண்டர் வாங்கியிருந்தாள்.

"அக்கா, இத பிரிண்ட் எடுத்துச் செவுத்துல ஒட்டட்டுமா? நம்ம ஊரு புடவ இன்டர்நெட்ல ஏலம் போவுதுன்னு தெரியட்டும். எனக்கும் நாலு பேர் வருவாங்க."

அது என் எழுத்து. சுவரில் ஒட்டப்படும் அளவுக்கு என் எழுத்து எதுவும் அதுவரை போனதில்லை. ஒட்டிக்கோ என்றேன்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று அந்த மாடிப்படி முழுக்கக் கூட்டம். மாப்பிள்ளையின் சித்தப்பா தன் பேத்தியின் மார்க்கைப் பார்க்க வந்திருக்கிறார். வரிசையில் நின்றபடி சுவரைப் பார்த்திருக்கிறார். பிறகு வரிசையைவிட்டு வெளியே வந்து, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கிட்டே போய்ப் பார்த்திருக்கிறார். நடந்ததை அந்தப் பெண்தான் மறுநாள் என்னிடம் அழுதுகொண்டே சொன்னாள்.

"இது இன்னாம்மா?"

"நம்ம ஊரு புடவதான் தாத்தா. ஏலத்துக்குப் போட்டுக்கீது."

"இந்த முடிச்சு நான் போட்டது."

அவள் பெருமையாகச் சிரித்திருக்கிறாள். ஒருவர் தன் வேலையை அடையாளம் கண்டுகொண்டார் என்று நினைத்துக்கொண்டாள். அவர் தறியில் அட்டை இடம் மாறியதும், கல்யாணத்துக்கு நாள் நெருங்கிவிட்டதால் வேறு நெய்ய நேரமில்லாமல் இரண்டு நாள் உட்கார்ந்து ஊசியால் அலகு கோத்ததும் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. எந்த வீட்டுக் கல்யாணத்துக்கு என்பதும் நினைவிருந்தது. முன்பக்கப் படம் மட்டும் இருந்திருந்தால் அரக்குச் சிவப்பில் ஆயிரம் புடவை என்று நகர்ந்திருப்பார்.

"இங்கிலீசுல இன்னாமோ எழுதிக்கீது. படிச்சிச் சொல்லும்மா."

அவள் ஒரு வரி விடாமல் தமிழில் சொல்லியிருக்கிறாள். நான் பயிற்சி கொடுத்த பெண், எதையும் விடமாட்டாள். எழுபத்து நான்கு நாளையும் சொன்னாள், கடைசி வாக்கியத்தையும் சொன்னாள். பேத்தியின் மார்க்கைப் பார்க்காமலேயே அவர் படி இறங்கிப் போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்துத் தோழியின் வீட்டிலிருந்து ஆள் வந்தது. நான் புடவையைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். கூடத்தில் மாப்பிள்ளையின் அம்மாவும் சித்தப்பாவும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை வரவில்லை. தோழியின் அம்மா சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். அந்த அம்மாள் தன் வீட்டிலேயே உட்காராமல் நின்றது எனக்கு முதலில் கண்ணில் பட்டது.

"நீதானம்மா அன்னிக்குத் தலைய ஆட்டின?" என்று கேட்டார் மாப்பிள்ளையின் அம்மா.

"ஆமாங்க. இவங்க யாருக்கும் தெரியாதுங்க. எரிச்சிட்டேன்னு நான்தான் பொய் சொன்னேன். அவ அம்மாவுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது."

"ஊருக்கே எழுதி ஒட்டுனவ, இவங்களுக்கு மட்டும் சொல்லலயா?"

"சத்தியமா சொல்லலங்க." பையிலிருந்து புடவையை எடுத்தேன். "இப்பவே வாசல்ல வெச்சு எரிச்சிடறேன். உங்க கண்ணு முன்னாடியே."

சித்தப்பா கையை நீட்டிப் புடவையின் தலைப்பை வாங்கி, திருப்பி, அந்த முடிச்சுகளை விரலால் ஒரு முறை தடவினார். பிறகு மடித்து என்னிடமே கொடுத்தார்.

"இத எரிச்சிடுவ. அந்தப் படத்த எதுல போட்டு எரிப்ப?"

 முந்தின நாளே அந்த இணையதளத்துக்கு எழுதியிருந்தேன். ஏலம் கேட்கத் தொடங்கிய பிறகு பக்கத்தை நீக்க முடியாது, முடிந்த பிறகும் சில மாதங்களுக்குப் பதிவு இருக்கும் என்று பதில் வந்திருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் சமாதானத்துக்கு வழி இருந்திருக்கும். "பொண்ணு மேல ஒண்ணும் இல்லைங்க" என்று தோழியின் அம்மாவைப் பார்த்துச் சொன்னார். "என் புள்ள ஏற்கெனவே ஒருத்திய குடுத்துட்டு நிக்கறான். மறுபடியும் மனசுல ஒரு உறுத்தலோட ஆரம்பிக்க எனக்கு தைரியம் இல்ல. எரிக்காத கூறைய எரிச்சேன்னு சபையில சொல்லி ஆரம்பிச்சது. நாளைக்கு அவனுக்கு ஒரு காய்ச்சல் வந்தாகூட எனக்கு இதுதான் நெனப்பு வரும்." பூ வைத்தபோது மாற்றிய தட்டுகளைத் திருப்பிக் கொண்டுவந்திருந்தார்கள். அவற்றைப் பாயிலேயே வைத்துவிட்டு எழுந்தார்கள்.

அவர்கள் போன பிறகு தோழி சமையலறையிலிருந்து வெளியே வந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். நான் திட்டுக்குத் தயாராக நின்றேன். அவள் என் எதிரில் வந்து உட்கார்ந்து, மெல்லிய குரலில், பள்ளிப் பிள்ளையிடம் கேட்பது போலக் கேட்டாள்.

"எழுபத்து நாலு நாளாடி?"

நான் கையிலிருந்த புடவையைப் பையில் வைத்தேன்.

"எனக்குத் தெரியாது. ரெண்டு மாசம், ரெண்டரை மாசம்னு நெனச்சிகினு இருந்தேன். நான் எண்ணல. எண்ணக் கூடாதுன்னு இருந்தேன். நீ எண்ணி வெச்சிருந்தியா?"

"எழுதி வெச்சிருந்தேன்."

"நான் போன அன்னிக்கு எழுதின. வந்த அன்னிக்கும் எழுதின. அப்புறம் ஒரு நாளு உக்காந்து கழிச்சுப் பாத்த."

"ஆமாம்."

"எப்ப?"

சித்திரையில், அந்தப் பக்கத்தை எழுதும்போது என்று சொல்லியிருக்கலாம். உண்மை அது இல்லை. அவள் திரும்பி வந்த 1999லேயே, அந்த வாரத்திலேயே நான் கழித்துப் பார்த்திருந்தேன். அதைச் சொன்னேன். அன்று அந்தக் கூடத்தில் இன்னொரு பொய்க்கு என்னிடம் தெம்பு இல்லை. அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அவளுடைய அம்மா அப்போதுதான் சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்தார்.

கிளம்பும்போது புடவையை என்ன செய்வது என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"யாராவது ஏலத்துல எடுத்துட்டாங்களா?"

"பெங்களூர்ல ஒருத்தங்க. நேத்தோட முடிஞ்சிது."

"அனுப்பிடு. அவங்களாவது ஏமாறாம இருக்கட்டும்."

அனுப்பினேன். இரண்டு நாள் நிழலில் விரித்துக் காற்றாட வைத்து, மெல்லிய துணியில் சுற்றி, ஒழுங்காக அனுப்பினேன். வந்த பணத்தை ஒரு கவரில் போட்டுத் தோழியின் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவளுடைய அம்மா கதவைத் திறந்து, கவரைப் பார்த்து, "அவ பள்ளிக்கூடம் போயிக்கிறாம்மா" என்று மட்டும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை அது.

ஆவணியும் வந்து போனது. அடுத்த வருடம் வேறு ஓர் இடம் வந்ததாகவும், பேச்சு ஆரம்பிக்கும்போதே "அந்த இன்டர்நெட் புடவைப் பொண்ணா?" என்று கேட்டுவிட்டுப் போனதாகவும் குழாயடியில் சொன்னார்கள். பிறகு எதுவும் வரவில்லை. அவளுக்கு அப்போது முப்பத்தைந்து. எங்கள் ஊரில் அதற்குப் பிறகு பெண் கேட்டு யாரும் வாசலில் செருப்பைக் கழற்றுவதில்லை.

நான் வியாபாரத்தை நிறுத்திவிட்டேன் என்று எழுத ஆசை. நிறுத்தவில்லை. இன்னும் இருபத்து நான்கு புடவைகள் விற்றேன், சரித்திரம் எழுதாமல், வெறும் அளவும் நிறமும் போட்டு. மெதுவாகத்தான் விற்றன. பிரவுசிங் சென்டர்ப் பெண் அந்தத் தாளைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டாள். பசை ஒட்டிய நாலு மூலை மட்டும் கொஞ்ச நாள் இருந்தது.

2008 கார்த்திகையில் அந்தப் பெங்களூர் அம்மாளிடமிருந்து ஒரு நீண்ட மின்னஞ்சல் வந்தது. பழைய புடவைகள் சேர்ப்பவர்களாம் அவரும் தோழிகளும். மாதம் ஒரு முறை ஒருவர் வீட்டில் கூடி, ஆளுக்கொரு புடவையைக் காட்டி அதன் கதையைச் சொல்வார்களாம். இந்த முறை அவர் என் புடவையைக் கட்டிக்கொண்டு, நான் எழுதிய பக்கத்தை உரக்க வாசித்தாராம். இரண்டு பேர் அழுதுவிட்டார்களாம். நான் சொன்னது சொன்னபடி இருந்தது, ஒரு குறையைக்கூட மறைக்கவில்லை, இப்படி நாணயமான ஒருவரிடம் இதற்கு முன் வாங்கியதில்லை என்று எழுதியிருந்தார். கடைசியில் ஒரு கேள்வி. அந்தப் பெண்ணை நினைத்து எல்லோரும் வருத்தப்பட்டோம், அவர் இப்போது எப்படி இருக்கிறார்?

நான் மின்னஞ்சலின் பதில் பெட்டியைத் திறந்து எழுத ஆரம்பித்தேன். நலமாக இருக்கிறார் என்று அடித்தேன். மறுபடியும் கல்யாணம் ஆகிவிட்டது, போளூரில் இருக்கிறார், கணவர் நல்ல மனிதர் என்று சேர்த்தேன். எப்போது நடந்தது என்று மட்டும் எழுத விரல் வரவில்லை. அப்படியே அனுப்பிவிட்டு எழுந்தேன்.